பூட்டும் பிரதியும்: ஒரு விளையாட்டுப் பெட்டியை முன்வைத்து

'பிரதி' என்ற சொல் தமிழில் இரண்டு வேலை பார்க்கிறது. விமர்சகன் சொன்னால் அது வாசிக்கப்படும் எழுத்து; ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னால் நகல். தமிழ் படித்தவர்களுக்கு இந்த இரட்டை அர்த்தம் சங்கடம் தருவதில்லை. மூல ஓலையைப் பத்திரமாக வைத்திருந்ததால் சங்கப் பாடல்கள் நம் கைக்கு வரவில்லை. ஓலை செல்லரிப்பதற்குள் யாரோ உட்கார்ந்து மறுபடி மறுபடி பெயர்த்தெழுதியதால் வந்தன. மூலம் அழிகிறது, பிரதி வாழ்கிறது. பிளாஸ்டிக்காலும் சிலிக்கனாலும் ஆன ஒரு பொருளின் விஷயத்தில் இதே சிக்கல் கால் நூற்றாண்டுக்குள் எழுந்திருக்கிறது. மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ், பழைய வீடியோ கேம்களை ஆடிக்காட்டும் எமுலேட்டர் பெட்டியாக மாற்றப்பட்ட வரலாற்றை இந்தக் கோணத்திலிருந்து வாசிக்க விரும்புகிறேன்.

ஒரு எந்திரம் நிரலின் துணையோடு இன்னொரு எந்திரமாக வேடம் கட்டுவதுதான் எமுலேஷன். இதைத் திருட்டுக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1964இல் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்த ஐபிஎம், தன் பழைய 1401 கணினிக்காக எழுதப்பட்ட நிரல்களைப் புதிய எந்திரத்தில் ஓட்டுவதற்கு இந்த உத்தியைத்தான் கையாண்டது. பழைய வாடிக்கையாளரைக் கைநழுவ விடாத வியாபாரத் தந்திரம், அவ்வளவுதான். 1997 பிப்ரவரியில் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா, காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரங்களைக் கணினியில் மறுபடி இயங்கச் செய்யும் 'மேம்' நிரலை வெளியிட்டார். அப்போது அதே உத்தி பெரிய நிறுவனத்தின் கையிலிருந்து ரசிகனின் கைக்கு வந்தது. கை மாறியதும் பெயரும் மாறிப்போனது. முன்பு சேவை என்றார்கள், இப்போது களவு என்றார்கள்.

2001 நவம்பர் 15 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த எக்ஸ்பாக்ஸின் விலை 299 டாலர். உள்ளே 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் செயலி, 64 மெகாபைட் நினைவகம், ஒரு ஹார்ட் டிஸ்க். திறந்து பார்த்தால் சாதாரண வீட்டுக் கணினிதான். ஆனால் வாங்கியவர் அதைக் கணினியாகப் பயன்படுத்திவிடக் கூடாது. பெட்டியில் லாபமில்லை, ஆட்டங்களில்தான் லாபம் என்பது இந்தத் தொழிலின் கணக்கு. எக்ஸ்பாக்ஸ் பெட்டிகள் லாபத்துக்கு விற்கப்பட்டதே இல்லை என்று 2021இல் எபிக்–ஆப்பிள் வழக்கில் அந்நிறுவன அதிகாரியே சாட்சியம் சொன்னார். ஆகவே நிறுவனத்தின் மின்கையொப்பம் இல்லாத எந்த நிரலையும் பெட்டி ஏற்காதபடி பூட்டினார்கள். உடைமை உன்னுடையது, வாசிக்கும் உரிமை என்னுடையது என்பதே இதன் பொருள்.

பூட்டின் சாவி வெறும் 512 பைட் அளவுள்ள ஒரு ரகசிய நினைவகத்தில், சில்லுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. எம்.ஐ.டி. ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ஹுவாங், இரண்டு சில்லுகளுக்கு இடையே ஓடும் மின்குறிகளை ஒட்டுக்கேட்டு அதை வெளியே எடுத்து, 2002இல் கட்டுரையாக வெளியிட்டார். மறைத்து வைத்த ரகசியம் பாதையில் வெளிப்படையாகவே பயணம் செய்துகொண்டிருந்தது! இதை விரித்து அவர் எழுதிய நூலுக்கு முதலில் ஒப்புக்கொண்ட பதிப்பகம் சட்டத்துக்கு அஞ்சிக் கைவிட்டது. 2003இல் வேறு பதிப்பகம் வழியாக அது வந்தது. 2013இல் ஆரன் ஸ்வார்ட்ஸின் நினைவாக இலவசமாகவும் தரப்பட்டது.

முதலில் மோட்சிப் எனப்படும் சில்லைப் பற்றவைத்துப் பூட்டைத் தாண்டினார்கள். 2003இல் சூட்டுக்கோலே தேவைப்படாத வழி ஒன்று கிடைத்தது. ஜேம்ஸ் பாண்ட் ஆட்டம் ஒன்று, சேமித்து வைத்த தன் கோப்பை அளவு பார்க்காமல் அப்படியே வாசித்தது. அதில் எதிர்பார்த்த நீளத்தை மீறிய எழுத்துச்சரம் ஒன்றை எழுதி வைத்தால், மிஞ்சிய எழுத்துகள் கட்டளைகளாகிப் பெட்டியின் பிடியைக் கையிலெடுத்துக்கொண்டன. ஆட்டம் என்னவோ நிறுவனமே கையொப்பமிட்ட அசல் ஆட்டம்தான். அதிகாரம் தன் பிரதியை எவ்வளவு கறாராக மூடினாலும், வாசிப்பு நடக்கும் இடத்தில் அது திறந்துகொள்ளவே செய்கிறது.

திறந்த பெட்டிக்குள் நிண்டெண்டோ வந்தது, சேகா வந்தது, ஆர்கேட் எந்திரங்கள் 'மேம்' வழியாகக் குடியேறின. படம் பார்க்க, பாட்டுக் கேட்க ரசிகர்கள் எழுதிய எக்ஸ்.பி.எம்.சி. என்ற நிரல்தான் 2014இல் கோடி என்று பெயர் மாறியது. இப்பெட்டிகளில் நிரப்பப்பட்ட ஆட்டங்களில் கணிசமானவை காசு கொடுக்காமல் எடுத்தவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆட்டத்தை நகலெடுப்பதும் எந்திரத்தை நகலெடுப்பதும் வேறு வேறு. 2000த்தில் சோனி–கனெக்டிக்ஸ் வழக்கில், எமுலேட்டரை உருவாக்கும் பொருட்டு எந்திரத்தின் அடிப்படை நிரலை நகலெடுத்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த வித்தியாசத்தைக் குழப்பிவிடுவதில்தான் 'திருட்டு' என்ற சொல்லாடலின் பலமே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360, முந்தைய பெட்டியின் ஆட்டங்களை எமுலேஷன் மூலமாகத்தான் ஓட்டியது. மைக்ரோசாஃப்ட் அதற்கு வைத்த பெயர் பின்னோக்கிய இணக்கம்.

2010 ஏப்ரல் 15 அன்று பழைய பெட்டிக்கான இணையச் சேவையை நிறுவனம் நிறுத்தியது. எஜமானன் போய்விட்டான், பூட்டு மட்டும் காவல் நிற்கிறது. பெட்டியின் கடிகாரத்துக்கு மின்சாரம் தேக்கும் கெப்பாசிட்டர் பெரும்பாலான பெட்டிகளில் கசிந்து, பலகையை அரிக்கிறது. ஓலைக்குச் செல் எப்படியோ இதற்கு அது. ஹார்ட் டிஸ்க்கோ, பலகையிலுள்ள சாவியோடு பிணைத்துப் பூட்டப்பட்டது. சாவியைப் பிரதி எடுத்து வைக்காத நிலையில் பலகை செத்தால், தட்டில் இருப்பதை வாசிக்க முடியாது. தட்டு செத்தால், அந்தச் சாவியால் பூட்டாத புதுத் தட்டைப் பெட்டி ஏற்காது. சாவியை எடுக்க வழக்கமான வழியோ அந்தப் பூட்டை உடைப்பதுதான். சட்டத்துக்குப் பணிந்து எதையும் தொடாமல் வைத்திருந்தவரின் பெட்டிக்கே சாவு நிச்சயம். மீறியவரின் பெட்டி பிழைக்கிறது.

2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளையின் ஆய்வு 2023இல் காட்டியது. விற்பவரிடம் இல்லாதது யாரிடம் இருக்கிறது? நகலெடுத்தவரிடம். ஆட்டம்தானே, போனால் போகட்டும் என்று சிலர் சொல்லக்கூடும். நாடகத்தையும் சினிமாவையும் பற்றி ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினார்கள், அன்று போனவை போனவைதான். எது பாதுகாக்கத்தக்கது என்பதை உரிமையாளனிடம் விட்டுவிட்ட சமூகம், தன் நினைவையும் சேர்த்தே அவனிடம் அடகு வைக்கிறது. பழைய எக்ஸ்பாக்ஸின் அடிப்புறத் திருகுகளைக் கழற்றியவர்கள் இப்படியெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள். ஆட ஆசைப்பட்டார்கள், கழற்றினார்கள். ஏடெழுதியவர்கள் மட்டும் வரலாற்றுக்காக என்று சொல்லிக்கொண்டா எழுதினார்கள்?