துணியில் தைத்த பிள்ளைப்பேறு

பாடத்தை இணையத்தில் படித்து, கைப்பழக்கத்தை மருத்துவமனையில் பெற்று மருத்துவச்சி ஆகலாம் என்ற ஏற்பாடு இன்று பல நாடுகளில் வந்துவிட்டது. உயிர்கள் இரண்டு ஊசலாடும் வேலையை இப்படிப் பிரித்துப் பிரித்துக் கற்பிக்கலாமா என்று கவலைப்படுவோர் உண்டு. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் இந்தக் கேள்வி இணையத்தோடு பிறந்தது இல்லை. 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில் ஆஞ்செலிக் டு கூத்ரே என்ற மருத்துவச்சி இதே கேள்வியோடு கால் நூற்றாண்டு அலைந்தார். பிள்ளைப்பேற்றில் எதை நூலால் கற்பது, எதைப் பொம்மையால் கற்பது, எதைத் தாயின் அருகில் இருந்து மட்டுமே கற்க முடியும் என்று பங்கிடுவதில்தான் ஒரு பயிற்சியின் தரம் இருக்கிறது என்பதை அவருடைய வரலாறு காட்டுகிறது.

அக்காலப் பாரிஸில் மருத்துவச்சி ஆக விரும்பும் பெண் மூத்த மருத்துவச்சி ஒருவரிடம் மூன்றாண்டு தொழில் பழக வேண்டும். டு கூத்ரேயும் அப்படிப் பழகி 1740-இல் உரிமம் பெற்றவர்தான். 1750-களில் ஓவெர்ன் என்ற மலைப்பகுதிக்குப் போய் வேலை செய்தபோது, அந்த முறை கிராமங்களுக்கு ஒத்துவராது என்பது தெரிந்துவிட்டது. வயலையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு மூன்றாண்டு நகரத்தில் தங்க எந்தக் குடியானவப் பெண்ணால் முடியும்? அவர்களில் பலருக்கு எழுத்தும் தெரியாது. அந்நேரம் பிரான்ஸ் ஏழாண்டுப் போரில் சிக்கியிருந்தது. நாட்டில் மக்கள்தொகை குறைகிறது என்ற அச்சம் அரசைப் பிடித்திருந்தது. 1759-இல் பதினைந்தாம் லூயி மன்னர் நாடு முழுவதும் சென்று கற்பிக்க அவருக்கு ஆணை கொடுத்தார். 1783 வரை நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் அவர் வகுப்பு நடத்தினார். ஒரு வகுப்புக்கு இரண்டு மாதம். ஏறக்குறைய 5,000 பெண்கள் அவரிடம் நேரடியாகப் பயின்றதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

இரண்டே மாதத்தில் கற்பிக்க அவருக்குக் கைகொடுத்தது அவரே வடிவமைத்த ஒரு பொம்மை. எஞ்சியிருக்கும் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துணியும் தோலும் வைத்துத் தைத்த, ஆளளவுள்ள தாயின் இடுப்புப் பகுதி அது. உள்ளே உண்மையான இடுப்பெலும்பு இருப்பதை எக்ஸ்ரே படம் காட்டியது. நாடாக்களையும் வார்களையும் இழுத்தால் பிறப்புவழி விரியும். கூடவே துணிக் குழந்தை, தொப்புள்கொடி, நச்சுக்கொடி, இரட்டைப் பிள்ளைகள். குழந்தையின் வாய் திறந்திருக்கிறது, உள்ளே நாக்கு இருக்கிறது. இது அழகுக்காகச் செய்த வேலை இல்லை: கால் முதலில் வெளிவந்து தலை மாட்டிக்கொள்ளும்போது குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் தலையைக் குனியவைத்து எடுக்க வேண்டும், அந்த விரலுக்கு இடம் வேண்டும். லண்டனில் வில்லியம் ஸ்மெல்லியும் பொலோன்யாவில் ஜொவான்னி கல்லியும் இதே காலத்தில் பிரசவ மாதிரிகளை வைத்துக் கற்பித்தார்கள். அவை நகரத்து வகுப்பறைகளில் நின்றன. டு கூத்ரேயின் துணிப்பொம்மை வண்டியேறிப் பயணம் செய்தது. 1759-இல் வெளியான அவருடைய கையேட்டின் 1769-ஆம் ஆண்டுப் பதிப்பில் வண்ணப் படங்கள் சேர்ந்தன. எழுத்துக் கூட்டத் தெரியாதவளும் ஊர் திரும்பியபின் படத்தைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

துணி வலியால் துடிக்காது, இரத்தம் கொட்டாது என்பது முதல் மறுப்பு. இரத்தத்துக்கு அவர் வழி கண்டார்: பொம்மைக்குள் கடற்பஞ்சுகளை வைத்து, பனிக்குட நீருக்கும் உதிரத்துக்கும் ஈடாகத் தெளிந்த நீரையும் சிவந்த நீரையும் உரிய நேரத்தில் கசியவைத்தார். ஆனால் மூன்றாண்டுப் பழக்கத்துக்கு இரண்டு மாதம் ஈடாகுமா என்ற மறுப்பு இன்னும் வலுவானது. குறுக்கே கிடக்கும் குழந்தை சில நூறு பிரசவங்களுக்கு ஒருமுறைதான் வரும். சிறிய ஊரில் தொழில் பழகுகிறவள் அதைக் காணாமலே பயிற்சியை முடித்துவிடலாம். பொம்மையில் அதை ஒரே பிற்பகலில் பத்துமுறை திருப்பிப் பார்க்கலாம். அரிதானதையும் ஆபத்தானதையும் கைக்குப் பழக்குவதில் பொம்மை தொழிற்பழக்கத்தை வென்றுவிடுகிறது. எப்போது கைவைக்காமல் காத்திருப்பது, களைத்துப்போன பெண்ணிடம் என்ன பேசுவது என்பவற்றில் அது தோற்கிறது. இவற்றுக்கு அனுபவமுள்ள ஒருவரின் துணை பலகாலம் வேண்டும். இரண்டு மாதம் அதற்குப் போதாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஊர்களைப் பொம்மை வாங்கவைத்து, அறுவை மருத்துவர்களையும் பழக்கிவிட்டு, தாம் போனபின்னும் வகுப்பு நடக்க அவர் வழிசெய்தார். அது பாதி விடைதான். அதோடு, பெண்கள் பெண்களுக்குக் கற்பித்த தொழிலில் ஆசிரியர் இடம் ஆண்களிடம் போகவும் அது வழிவிட்டது.

இந்த வகுப்புகளால்தான் பிரான்சில் சாவு குறைந்தது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. உணவு, நோய், திருமண வயது என்று காரணங்கள் பல பின்னிக்கிடக்கும் இடத்தில் ஒருவருக்கு முழுப் பெருமையையும் தூக்கிக் கொடுப்பது வரலாறு ஆகாது. அவருடைய சாதனை வேறு: அதுவரை பயிற்சியின் வாசலைக்கூட மிதிக்க முடியாத பெண்களை உள்ளே கொண்டுவந்தார். அங்கும் குறை உண்டு. வகுப்புக்கு ஆள் அனுப்பும்போது அதிகாரிகள் இளம்பெண்களையே விரும்பினார்கள். ஊரில் காலங்காலமாகப் பேறு பார்த்துவந்த முதிய பெண்கள், அறியாமையின் உருவங்களாகவே பேசப்பட்டு, ஒதுக்கப்பட்டார்கள். இன்று திறன்பேசியும் தடையில்லாத இணைய இணைப்பும் இருந்தால்தான் சேரலாம் என்று சொல்லும் பயிற்சியும் அதே ஒதுக்கலைச் செய்கிறது. டு கூத்ரே எழுத்தறியாதவளுக்காகப் படம் அச்சிட்டார். இணைப்பில்லாத ஊர்ப் பெண்ணுக்காக என்ன செய்யப்போகிறோம் என்று பாடத்திட்டம் வகுப்பவர்கள் முதல் பக்கத்திலேயே எழுதியாக வேண்டும்.