நிரல் மாறிய மனிதர்

கணக்கு பொய் சொல்லாது என்பர். ஆனால், கணக்கை நிரல்படுத்தும் கை ஒரு பொய்யும் சொல்லாமலே உண்மையை மறைத்துவிட முடியும். மலையகத்தின் சரித்திரமே இதற்குச் சாட்சி.

இலங்கையின் குடிசன மதிப்பு அட்டவணையை எடுத்துக்கொள்வோம். “இந்தியத் தமிழர்” என்ற நிரலில் 1971ஆம் ஆண்டு 11,74,606 பேர். 1981ஆம் ஆண்டு 8,18,656 பேர். பத்தே ஆண்டுகளில் 3,55,950 பேர் குறைவு. நூற்றுக்கு முப்பது பேர். கொள்ளைநோய் வந்து வாரிக்கொண்டு போயிற்றா? இந்த மனிதர்கள் எங்கே?

ஒரு மாணவன் இவ்விரு எண்களையும் தூண்களாக வரைகிறான் எனக் கொள்வோம். அளவுகோலைச் சுழியத்திலிருந்து தொடங்கினால், 1981ஆம் ஆண்டின் தூண் முந்தைய தூணில் பத்தில் ஏழு பங்கு உயரம் நிற்கும். எட்டு இலட்சத்திலிருந்து தொடங்கினாலோ, அது இருபதில் ஒரு பங்காகச் சுருங்கித் தரையோடு கிடக்கும். எண்கள் அவையேதாம், கண் காணும் உண்மை வேறாகிவிட்டது. ஆதலால், வரைபடத்தைக் கண்டதும் முதலில் அதன் அடிக்கோட்டைப் பாருங்கள்.

ஆனால், அடிக்கோட்டைத் திருத்திவிட்டால் மட்டும் உண்மை வெளிப்பட்டுவிடாது. பக்கத்து நிரலையும் நோக்குவோம். அதே பத்தாண்டில் “இலங்கைத் தமிழர்” 14,23,981 பேரிலிருந்து 18,86,872 பேராக உயர்ந்தனர். நூற்றுக்கு முப்பத்திரண்டுக்கும் மேற்பட்ட உயர்வு. நாட்டின் மொத்த மக்கள்தொகையோ நூற்றுக்குப் பதினேழே உயர்ந்தது. அந்த வீதத்திலேயே இவர்களும் பெருகியிருந்தால் வந்திருக்கக்கூடிய தொகையைவிட, ஏறத்தாழ 2,20,000 பேர் கூடுதல். பிறப்பினால் மட்டும் இதை விளக்க இயலாது. பிரஜாவுரிமை பெற்றவர்களிலும், 1977ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர்களிலும் பலர், எண்ணுவோரிடம் தம்மை இலங்கைத் தமிழர் என்றே பதிந்தனர். மனிதர் மறையவில்லை, நிரல் மாறினர்.

மற்றொரு பகுதியினர் கடல் கடந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களை ஒருவரும் கலந்தாலோசிக்கவில்லை. அட்டன் புகையிரத நிலையத்தில் உறவினர் கதறியழ, தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் “ஒப்பாரிக் கோச்சி”. இந்த ஒப்பாரி எந்த அட்டவணையின் எந்தக் கட்டத்தில் ஏறியிருக்கிறது?

இந்நிரல்களே இயற்கையாய் அமைந்தவை அல்ல. 1911ஆம் ஆண்டின் குடிசன மதிப்புத்தான் தமிழரை முதன்முறையாக “இலங்கைத் தமிழர்”, “இந்தியத் தமிழர்” என இரண்டாகப் பிரித்து எண்ணியது. நூறாண்டுக்குப் பின்னும், நுவரெலியாவின் லயத்தில் பிறந்து, அங்கேயே பாட்டனையும் தந்தையையும் மண்ணுக்குக் கொடுத்தவன் “இந்தியன்” என்ற தலைப்பின் கீழேயே எண்ணப்பட்டான். 2024ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அத்தலைப்போடு “மலையகத் தமிழர்” என்ற பெயரும் சேர்ந்தது; ஆயினும் அந்நிரலில் நின்றவர்கள் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. “சிறுபான்மையிலும் சிறுபான்மை, இவர்களுக்கு எதற்குப் பாடசாலை, எதற்குக் காணி?” என்று இந்த எண்ணைக் காட்டி நாளை எவரேனும் கேட்கலாம். அப்போது விடை சொல்ல நாம் ஆயத்தமாய் இருக்க வேண்டாமா?

ஆசிரியர்களே, மாணவர்களே! அட்டவணை எதுவாயினும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எண்ணியவர் யார்? தலைப்புக்கு அன்று என்ன பொருள்? பக்கத்து நிரல் என்ன சொல்கிறது? அளவுகோல் எங்கே தொடங்குகிறது? கொழுந்தை நிறுக்கும் தராசைத் தொழிலாளி கூர்ந்து பார்ப்பது தன் கூலி அதில் தொங்குவதால். மக்களை நிறுக்கும் தராசையும் நாம் அவ்வாறே பார்க்கக் கற்போம்.