ஆப்பிள் கன்று வாங்கப் போகிறீர்களா?

மாடித் தோட்டத்தில் ஆப்பிள் வளர்க்கும் ஆசை உங்களுக்கும் உண்டா? கன்றுக்குக் காசு கொடுக்கும் முன் ரகத்தின் பெயரைக் கேளுங்கள். ருசியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு குளிர் வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி.

கடையில் பார்க்கிற ‘ரெட் டெலிஷியஸ்’ அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஜெஸ்ஸி ஹையட் என்ற விவசாயியின் தோப்பில் தானாக முளைத்தது. வேண்டாமென்று அவர் வெட்டிப் போட்டும் மறுபடி துளிர்த்ததாம். அதை 1910-களில் இமாசலப் பிரதேசத்தின் கோட்கட் பகுதிக்குக் கொண்டுவந்தவர் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர். நம் விடுதலைப் போரில் சிறையும் சென்று, பின்னாளில் சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டவர். அங்கே அந்த மரம் செழித்ததற்குக் காரணம் மலைக்குளிர். அதன் மொட்டுகள் ஒழுங்காக விரிய, சுமார் 7 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ 1,000 மணி நேரம் வேண்டும்.

வெப்பமான ஊர்களுக்கென்று வந்தது ‘அன்னா’. இஸ்ரேலில் அதை உருவாக்கியவர் அப்பா ஸ்டெய்ன் (பெயரே அப்பாதான்!). அதற்கு 300 மணி நேரமே போதும். ஆனால் தனியாக வைத்தால் காய்ப்பு குறைவு. பஹாமாஸ் தீவில் கிடைத்த ‘டார்செட் கோல்டன்’ பக்கத்தில் பூத்தால் மகரந்தம் கிடைக்கும். நம் நாட்டு ரகம் ‘எச்.ஆர்.எம்.என்-99’. இமாசலத்தின் தாழ்வான பிலாஸ்பூர் மாவட்டத்தில் அதை உருவாக்கிய ஹரிமன் சர்மாவுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சென்னையில் 7 டிகிரி வருவதே இல்லை. ஆகவே ‘காஷ்மீர் ஆப்பிள்’ என்று யாராவது கன்று நீட்டினால், வாங்காதீர்கள். ஆசை விடவில்லையென்றால் இந்த மூன்றில் இரண்டை, பெரிய தொட்டிகளில், சோதனையாக வையுங்கள்.