சாய்ந்த சிலையும் சரிந்த ஊரும்

படையொன்று ஊர் வழியே போகிறது. போகிற போக்கில் பயிரை மிதிக்கிறது, கோழியைக் கவர்கிறது, வைக்கோற்போரைக் கொளுத்துகிறது, போய்விடுகிறது. ஊரார் அழுகின்றனர், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏர் பூட்டுகின்றனர். மன்னர்கள் நடத்திய போர்களின் கதை பெரும்பாலும் இதுதான். ஆனால், வந்த படை போகாமலே தங்கிவிட்டால்? ஊரின் கடைசி வீட்டுக்கு அப்பால் மண்ணைத் தோண்டி, அதற்குள் இறங்கி, ஆண்டுக் கணக்கில் அசைய மறுத்துவிட்டால்?

முதல் உலகப் போரில் நடந்தது அதுதான். 1914ஆம் ஆண்டு முடிவதற்குள், சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து வடகடல் வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளத்துக்கு எதிரெதிராக அகழிகள் வெட்டப்பட்டுவிட்டன. அகழிக்குள் கிடந்தவனைப் பற்றி ஏடுகள் நிறையப் பேசுகின்றன. அகழிக்கு அருகே அடுப்பு மூட்டியவளைப் பற்றிப் பேசுவன சிலவே. எனவே நாம் இங்கே படைத்தலைவர்களை விட்டுவிட்டு, ஓர் ஊரைப் பார்ப்போம்.

வட பிரான்சில், சோம் பகுதியில், ஆங்கர் ஆற்றங்கரையில் ஆல்பர்ட் என்ற சிற்றூர். போருக்கு முன் மக்கள் ஏறத்தாழ 7,000. தையல் எந்திரமும் மிதிவண்டியும் செய்யும் தொழிலகங்கள் இருந்தன. உழைத்துப் பிழைத்த ஊர். ஆனால் ஊருக்குப் புகழ் தந்தது உழைப்பன்று, கோயில்! முன்னொரு காலத்தில் ஆடுகள் ஓரிடத்தை விட்டு நகராமல் மேய்ந்தனவாம். இடையன் தன் கோலால் மண்ணைக் கிளற, மாதாவின் சிலை கிடைத்ததாம். பசு தானே பால் சொரிந்த இடத்தில் இலிங்கம் எழுந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நமக்கு இது புதிதாகத் தோன்றாது. பக்தர் கூட்டம் பெருகிற்று, பணமும் பெருகிற்று. 1885இல் தொடங்கிப் பத்து ஆண்டுகளில் பெருங்கோயில் எழுந்தது. கோபுர உச்சியில், குழந்தையை இரு கைகளாலும் வானோக்கி ஏந்தி நிற்கும் மாதா. மேனியெல்லாம் பொன் முலாம். பல கல் தொலைவிலிருந்தே தெரியும்.

தெரிந்ததுதான் தீமையாயிற்று.

1914 செப்டம்பர் இறுதியில் ஜெர்மானியர் ஊருக்குக் கிழக்கே, லா புவாசெல் என்ற சிற்றூரை ஒட்டி அகழி வெட்டி அமர்ந்தனர். இடைவெளி நான்கு கிலோமீட்டர் அளவு. பீரங்கிக்கு அது கைக்கெட்டும் தூரம். நகரும் போரில் பீரங்கி இன்று இங்கே, நாளை எங்கோ. அகழிப் போரிலோ அது நிலையாக நின்று, குறி வைத்து, கணக்குப் பார்த்து, அதே தெருவை அதே நேரத்தில் நாள்தோறும் அடிக்கும். சாலை கூடுமிடம், இரயில் நிலையம், வீரர் தங்கும் வீடுகள் எல்லாம் இலக்கு. எல்லாவற்றையும்விட முதன்மையான இலக்கு உயரமான கோபுரம், ஏனெனில் அதன் மேலிருந்து எதிரியின் அகழிகளை நோட்டமிடலாம். ஆண்டவனை நோக்கி உயர்த்தப்பட்ட கோபுரம், அந்த உயரத்தாலேயே ஊருக்கு எமனாயிற்று!

மக்கள் மூட்டை கட்டினர். போக மனமில்லாதோர் நிலவறைகளில் இறங்கி வாழ்ந்தனர். இது ஆல்பர்ட்டுக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. ரீம்ஸ் நகரில் மதுப் புட்டிகள் அடுக்கும் நிலவறைகளில் பள்ளிக்கூடமே நடந்தது. தலைக்கு மேலே குண்டு விழ, கீழே பிள்ளைகள் பாடம் படித்தனர். நச்சுப்புகை வந்தபிறகு, புத்தகப் பையோடு முகமூடியும் பிள்ளைகளின் உடைமையாயிற்று.

களத்துக்குச் சற்றுப் பின்னாலிருந்த ஊர்களில் வேறுவகை வாழ்க்கை. அடுத்த ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஆண்கள் போர்முனையில்; வயலில் பெண்களும் முதியோரும். பீரங்கி முழக்கம் கேட்கக் கேட்கவே அறுவடை நடந்தது. வீட்டுக் கூடம் உணவுக்கடையாயிற்று. அகழியிலிருந்து ஓய்வுக்கு வந்த வீரனுக்கு முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் விற்றனர். விலையை ஏற்றிவிட்டார்கள் என்று வீரர்கள் முணுமுணுத்தனர். வேலியைப் பிடுங்கி விறகாக்கிவிட்டார்கள் என்று ஊரார் வழக்குத் தொடுத்தனர். யாரைக் குறை சொல்வது? கணவனை ஒரு களத்துக்கும் குதிரையை மற்றொரு படைக்கும் கொடுத்தவள், முட்டைக்கு இரண்டு காசு கூடுதலாகக் கேட்டால் அதைக் கொள்ளை என்று நாம் சொல்லமாட்டோம். கொள்ளையடித்தவர்கள் முட்டை விற்கவில்லை.

ஆல்பர்ட்டுக்குத் திரும்புவோம். 1915 சனவரி 15 அன்று கோபுரத்தின் மீது விழுந்த குண்டு, மாதா சிலையின் அடித்தளத்தைப் பெயர்த்தது. சிலை விழவில்லை, முகம் தரையை நோக்க, குறுக்காகச் சாய்ந்து, குழந்தையைத் தெருவில் எறியப் போவது போல் அந்தரத்தில் தொங்கிற்று. உடனே பிறந்தது புதிய புராணம்! சிலை விழும் நாளில் போர் முடியும் என்றனர் ஒரு சாரார். சிலையை வீழ்த்துகிற தரப்பே தோற்கும் என்றனர் மற்றொரு சாரார். ஆஸ்திரேலிய வீரர்கள் மட்டும், 1912 ஒலிம்பிக்கில் வென்ற நீச்சல் வீராங்கனை ஃபேனி டுராக்கின் பெயரைச் சிலைக்குச் சூட்டிச் சிரித்தனர். அவள் நீரில் பாய்வது போலிருக்கிறதாம்! நகைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

ஆனால் சிலை ஏன் விழவில்லை? இராணுவப் பொறியாளர்கள் ஏறிக் கம்பிவடம் கொண்டு அதை இறுகக் கட்டியிருந்தனர்! சிலை விழுந்தால் போர் முடியும் என்று நம்பியோர் கீழே. அது விழாதபடி கட்டி வைத்தோர் மேலே. இரும்பு தாங்கிற்று தெய்வத்தை.

அந்தச் சிலையின் அடியில்தான் 1916இல் சோம் களத்துக்குப் படை படையாக வீரர்கள் நடந்தனர். நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போனார்கள். சூலை முதல் நாள் ஒன்றில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் மாண்டனர்.

1918 மார்ச் 26இல் ஜெர்மானியர் ஊரைப் பிடித்தனர். நெடுநாள் அரைப்பட்டினியில் கிடந்த அந்த வீரர்கள், நிலவறையில் மதுவையும் உணவையும் கண்டதும் போரை மறந்து குடித்துக் கிடந்ததாக அவர்களது அதிகாரிகளே எழுதி வைத்துள்ளனர். இப்போது கோபுரத்திலிருந்து நோட்டம் பார்த்தவர் ஜெர்மானியர். ஆகவே, மூன்றாண்டு அதன் அடியில் வாழ்ந்த பிரிட்டிஷாரே பீரங்கியைத் திருப்பினர். ஏப்ரலில் கோபுரம் சிதறிற்று, சிலை விழுந்தது. போர் முடிந்ததா? நவம்பர் 11 வரை, மேலும் ஏறத்தாழ ஏழு மாதம் நடந்தது. வீழ்த்தியவர் தோற்றனரா? வீழ்த்தியவரே வென்றனர்! இரண்டு ஆரூடமும் பொய்த்தன. விழுந்த சிலையோ மீண்டும் கிடைக்கவேயில்லை.

ஆகஸ்டு 22இல் ஊர் மீட்கப்பட்டது. ‘ஊர்’ என்று எழுதுகிறோம், மீட்கப்பட்டது செங்கற்குவியல். தெரு எது, வீடு எது என்று தெரியவில்லை. அடுத்த ஆண்டு திரும்பியவர்கள் தகரக் கொட்டகையிலும் பலகைக் குடிலிலும் குடியேறினர். பிரிட்டனின் பர்மிங்காம் நகரம் ஊரைத் தத்தெடுத்து உதவிற்று. வயல்தான் பெருந்தொல்லை தந்தது. சோம் போர் தொடங்குமுன் ஒரு வாரத்தில் மட்டும் அங்கே பொழிந்த குண்டுகள் 15 லட்சத்துக்கு மேல். அவற்றுள் கணிசமானவை வெடிக்காமல் மண்ணில் புதைந்தன. ஒரு நூற்றாண்டு கடந்த பின்பும் உழவன் அவற்றைத் தோண்டியெடுத்துச் சாலையோரம் வைக்கிறான். வெடிகுண்டு அகற்றுவோர் வந்து எடுத்துப் போகின்றனர்.

கோயிலும் மீண்டும் எழுந்தது. பழைய கோயிலைக் கட்டிய எட்மண் துதுவாவின் மகன் லூயி, தந்தையின் வரைபடப்படியே கட்டி 1931இல் முடித்தார். உச்சியில் புதிய மாதா, புதிய பொன் முலாம், நிமிர்ந்த நிலை.

ஏழே ஆண்டுகள். 1938இல், அதே கோயிலுக்கு அருகே தரைக்கு அடியில், பத்து மீட்டர் ஆழத்தில், ஊரார் நீண்ட சுரங்கமொன்றை ஆயத்தப்படுத்தினர். வானிலிருந்து குண்டு விழுந்தால் ஒளிவதற்கு. 1940 மே 20 அன்று ஜெர்மானிய டாங்கிகள் ஆல்பர்ட்டுக்குள் நுழைந்தன.