மஞ்சள் மணிகள்

மலருக்கு என்ன எழுதலாம் என்று யோசித்தபோது அம்மாவின் கண்தான் ஞாபகம் வந்தது. ஒரு கண்ணில் மட்டும் ஓயாமல் நீர், பீளை, மூக்கோரம் இமையில் வீக்கம். "மெட்ராஸ் ஐ தான், சரியாயிடும்" என்று ஆறு மாதம் சொட்டு மருந்து விட்டோம். ம்ஹூம்! கடைசியில் ஒரு டாக்டர் இமையோரத்தை அழுத்தினார். கண்ணீர்த் துளை வழியாக மஞ்சள் மணிகள் வந்து விழுந்தன.

இதே மணிகளை 1854-லேயே பெர்லின் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் வான் கிரேஃபே கண்ணீர்க் குழலில் கண்டு எழுதியிருக்கிறார். இழை இழையாக இருந்ததால் பூஞ்சை என்று நினைத்தார். உண்மையில் அது ஆக்டினோமைசிஸ் என்ற பாக்டீரியா. கண்ணில் அரிதாகத்தான் வரும். காற்றில்லாத இடத்தில் வளர்வதால் சாதாரண கல்ச்சரில் சிக்காது. மணியை நுண்ணோக்கியில் பார்த்தால் இழைகள் தெரியும். 1940-களில் புழக்கத்துக்கு வந்த பெனிசிலின் அதைக் கொல்லும். ஆனால் மணிக்குள் மருந்து சரியாகப் புகாது. குழலைத் திறந்து சுரண்டி எடுத்தால்தான் தீரும். அம்மாவுக்கும் அப்படித்தான் தீர்ந்தது.

பைப்பில் கல் அடைத்திருக்க, மேலே மருந்து ஊற்றி என்ன பயன்? இஞ்சினியரான எனக்கே இது உறைக்கவில்லை! தம்பி தங்கைகளே, மருந்து கேட்காவிட்டால் மருந்தை மாற்றுமுன் நோயின் பெயரைச் சந்தேகப்படுங்கள்.