கிந்துப்பும் சங்போ நதியும்: ஒரு சாட்சியத்தின் வரலாறு

நாடுகாண் பயணங்களின் வரலாறு பெரும்பாலும் தலைவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சுமை தூக்கியோரும் ஆற்றின் குறுக்கே கயிறு கட்டியோரும் அவ்வரலாறுகளிற் பெயரின்றியே மறைகின்றனர். பெயரளவிலேனும் எஞ்சியவர்களுள் ஒருவர் சிக்கிமைச் சேர்ந்த கிந்துப். எழுத்தறிவற்றவர், டார்ஜிலிங்கில் தையற்றொழில் செய்தவர். அவரது சாட்சியம் கையாளப்பட்ட முறையையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

திபேத்திற் கிழக்கு நோக்கி ஓடும் சங்போ, 7782 மீற்றர் உயரமான நம்சா பர்வா மலையையொட்டிய பள்ளத்தாக்கினுட் புகுந்து மறைகின்றது. அதற்குத் தெற்கே அசாம் சமவெளியில் திகாங் என்னும் ஆறு வெளிப்படுகின்றது. இரண்டும் ஒன்றா, அன்றிச் சங்போ பர்மாவின் ஐராவதியுடன் சேர்கின்றதா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் புவியியற் பிரச்சினை. அசாமையும் பர்மாவையும் தன் ஆட்சிக்குட் கொண்டுவந்துகொண்டிருந்த அரசுக்கு இது வெறும் அறிவுத் தாகமாக இருந்திருக்க முடியாது. 1802இல் சென்னையிலே தொடங்கிய முக்கோண நில அளவை இமயத்தின் அடிவாரம்வரை சென்றுவிட்டது. அதற்கப்பால் ஐரோப்பியருக்குத் திபேத்தின் கதவு மூடியிருந்தது. ஆகவே, 1860களில் மொன்ற்கோமெரி உள்நாட்டவரைப் பயிற்றி அனுப்பலானார். 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகள் கோத்த செபமாலையால் அவர்கள் காலடிகளை எண்ணினர். பிரார்த்தனைச் சக்கரத்தினுள் மந்திரத்துக்குப் பதிலாக அளவைக் குறிப்புகளை ஒளித்தனர்.

1880இல் கப்டன் ஹார்மன் ஒரு லாமாவையும், அவருக்குத் துணையாகக் கிந்துப்பையும் அனுப்பினார். பள்ளத்தாக்கினுள் இயன்றவரை சென்று, அடையாளமிட்ட மரக்கட்டைகளை ஆற்றில் விடவேண்டும். அவை அசாமில் மிதந்து வந்தால் நதி ஒன்றே என்பது உறுதியாகும். எளிமையான, ஆனால் அறிவியல் நேர்மையுடைய சோதனை. லாமாவோ பணத்தைச் செலவழித்துவிட்டு, 1881இல் கிந்துப்பை ஓர் அதிகாரிக்கு அடிமையாக விற்றுவிட்டு நழுவினார்.

அடுத்த ஆண்டு தப்பிய கிந்துப் வீடு நோக்கி ஓடவில்லை. ஆற்றின் போக்கிலேயே இறங்கினார். தேடி வந்தோரிடமிருந்து காக்க, மார்ப்புங் மடத்துத் தலைமை லாமா 50 ரூபா கொடுத்து அவரை வாங்கிக்கொண்டார். யாத்திரை என்று விடுமுறை பெற்று 500 கட்டைகளை வெட்டிக் குகையொன்றில் மறைத்தார். மீண்டும் விடுமுறை பெற்று லாசா சென்று, நாளொன்றுக்கு 50 கட்டைகள் எனக் குறித்த நாட்களில் விடப்போவதாகப் பிறர் கையால் கடிதம் எழுதுவித்து அனுப்பினார். மடத்தில் மேலும் பல மாதங்கள் உழைத்து விடுதலை பெற்ற பின், குறித்த நாட்களிற் கட்டைகளை விட்டார்.

கடிதம் உரிய காலத்திற் சேரவில்லை. ஹார்மன் இந்தியாவைவிட்டுச் சென்றுவிட்டார். கட்டைகள் யாருடைய கண்ணிலும் படாமற் கடலை நோக்கிச் சென்றன. இதனை எசமான விசுவாசம் எனப் புகழ்ந்தோர் உளர். எமக்கு அவ்விளக்கம் போதியதாகத் தோன்றவில்லை. எசமானும் ஊதியமும் எட்டாத இடத்தில் நின்று செய்த வேலை அது. ஏற்ற தொழிலை முடித்தே தீரும் ஒரு தொழிலாளியின் பிடிவாதத்தையே நாம் அதிற் காண்கின்றோம்.

1884இல் திரும்பிய அவர் வாய்மொழியாகக் கூறியதைப் பிறர் கேட்டெழுதினர். மொழிபெயர்த்து, 1889இல் வெளியிட்டனர். அந்த அறிக்கையில், சங்போவில் ஏறத்தாழ 150 அடி உயரமான நீர்வீழ்ச்சி உண்டென்றிருந்தது. 1913இல் பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் அங்கு சென்றபோது, அறிக்கை குறித்த இடத்தில் ஆறு விழுந்தது 30 அடியளவே. ஏனைய விவரங்களோ பெரிதும் சரியாக இருந்தன. பெய்லி பின்னர் கிந்துப்பைத் தேடிப்பிடித்து விசாரித்தார். உயர்ந்த நீர்வீழ்ச்சி கியாலா அருகே ஒரு சிற்றருவியில் உள்ளதென்றே தாம் கூறியதாக அவர் விளக்கினார். எழுதியோரும் மொழிபெயர்த்தோரும் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டனர். தமது பெயரில் வெளிவந்த அறிக்கையை வாசித்துத் திருத்தும் வாய்ப்பு எழுத்தறியாத அம்மனிதருக்கு இருக்கவில்லை. முப்பது ஆண்டுகளாக எழுத்தரின் பிழை சாட்சியின் பிழையாகவே நின்றது. வாய்மொழிச் சான்றை நம்பத்தகாததென ஒதுக்கும் எமது ஆய்வாளர் சிலர், பிழை வாயில் நேர்ந்ததா, ஏட்டில் நேர்ந்ததா என்று முதலிற் கேட்டல் வேண்டும்.

கிந்துப் அப்போதும் டார்ஜிலிங்கில் தையற்காரராகவே இருந்தார். அவருக்கு ஓய்வூதியம் வழங்குமாறு பெய்லி கேட்டார். அரசு அதற்கு இணங்காது, ஒரே தடவையில் 1000 ரூபா கொடுத்தது. சில மாதங்களில் அவர் இறந்தார்.