ஏச்சும் குறையும்: ஒரு கேமின் கதை

2016 ஓகஸ்ட். 'நோ மேன்ஸ் ஸ்கை' வெளியாகிச் சில நாட்கள்கூட ஆகேல்ல. விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பேர், தாங்கள் ஒரே கிரகத்தில் இருப்பதைக் கண்டுபிடிச்சு, பேசிவைச்சு ஒரே இடத்துக்கு வந்து நின்றார்கள். ஆளை ஆள் தெரியவில்லை. காரணம் எளிது: இன்னொருவரைக் காணும் வசதியே அந்தக் கேமில் அப்போது இருக்கவில்லை. ஆனால் அதை உருவாக்கிய ஷோன் மரே, சந்திக்கிற வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் சந்திக்கலாம் என்ற மாதிரித்தான் நேர்காணல்களில் சொல்லிவந்திருந்தார்.

இதைச் செய்தது பெரிய கம்பனி இல்லை. இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்ட் நகரில் 2008இல் நாலு பேர் தொடங்கிய 'ஹலோ கேம்ஸ்'. 2013 டிசெம்பரில் முதல் முன்னோட்டம் வந்தது. அதே மாதம் அவர்களின் அலுவலகத்துக்குள் வெள்ளம் புகுந்தது. 18க்குப் பின்னால் 18 சைபர் போடவேண்டிய அளவுக்குக் கிரகங்கள் என்றதும் உலகமே எதிர்பார்த்தது. எதிர்பார்ப்போடு கோபமும் வளர்ந்தது. வெளியீடு ஜூனிலிருந்து ஓகஸ்டுக்குத் தள்ளிப்போனதற்கே மரேக்குக் கொலை மிரட்டல் வந்தது. வெளியான பிறகு கேட்கவும் வேணுமா? விமர்சனங்கள் குவிந்தன, பலர் காசைத் திருப்பிக் கேட்டார்கள். பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு வரை முறைப்பாடு போனது. அந்த விளம்பரங்கள் ஏமாற்றவில்லை என்று அது 2016 நவம்பரில் முடிவு சொன்னது.

இப்படியான நேரத்தில் விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. கனடாவின் ஃபில் ஃபிஷ், 2013இல் இணையச் சண்டை ஒன்றோடு தன் 'ஃபெஸ் 2' கேமையே கைவிட்டார்.

ஹலோ கேம்ஸ் வாயை மூடிக்கொண்டு வேலை செய்தது. 2016 நவம்பரில் தளம் கட்டும் வசதி வந்தது. 2017இல் மற்ற வீரர்கள் வெறும் ஒளிப்பந்துகளாகத் தெரிந்தார்கள். 2018 ஜூலையில்தான் முழு உருவத்தோடு ஒன்றாக விளையாட முடிந்தது. இவ்வளவுக்கும் மேலதிகமாக ஒரு சதமும் வாங்கவில்லை. 2020இல் த கேம் அவார்ட்ஸில், தொடர்ந்து வளரும் சிறந்த கேமுக்கான விருதும் கிடைத்தது.

இதை ஒரு வெற்றிக்கதையாக மட்டும் வாசிச்சால் பிழை எண்டு நினைக்கிறன். கொலை மிரட்டல் அநியாயம்; ஆனால் 'சொன்னது இல்லையே' என்ற குறை நியாயம். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே சத்தத்தோடுதான் வந்தன. ஃபிஷ் ஏச்சைத் தாங்கேலாமல் எல்லாத்தையும் மூடினார். ஹலோ கேம்ஸ் ஏச்சுக்குப் பதில் சொல்லாமல், குறையை மட்டும் பொறுக்கி எடுத்தது. ஆனாலும் அந்த மாதக்கணக்கான மௌனத்தை என்னால் முழுக்க ஏற்க முடியேல்ல. 60 டொலர் குடுத்து வாங்கினவனுக்கு "இது இன்னும் இல்லை, செய்துகொண்டிருக்கிறம்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

நாங்களும் குறும்படம் எடுக்கிறம், நாடகம் போடுறம், சிலர் கேமும் செய்யத் தொடங்கியிருக்கிறம். அடுத்த முறை ஆராவது கத்தினால், கத்தலைக் கழிச்சுப்போட்டு மிச்சம் என்ன இருக்கு எண்டு ஒருக்காப் பாப்பம்.